பல்லு வெளக்கத் தெரியுமா பாஸ்?

காலையில் எழுந்ததும் பல் விளக்கினீங்களா? 'இதெல்லாம் ஒரு கேள்வியா?'ன்னு முறைக்காதீங்க. எப்படி விளக்கினீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம். ஹாஸ்டல் பாத்ரூம் வாசலில், தோளில் துண்டோடு, பாதித் தூக்கத்தில், பக்கத்து ரூம்காரனிடம் நேற்றைய மேட்ச் ஸ்கோரைக் கேட்டபடி... கை அதுபாட்டுக்கு மேலும் கீழும் போனது, வாய் கொப்பளித்தீர்கள், முடிந்தது. வேறு ஒன்றும் ஞாபகம் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாளைக்கு ஒரு சின்ன டெஸ்ட். ரைட் ஹேண்ட் பார்ட்டியாக இருந்தால் பிரஷ்ஷை இடது கையில் பிடிங்க. பைக் ஓட்டும்போது போடுகிற தடிமனான கிளவுஸை மாட்டிக்குங்க. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. இப்போ கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தைத் தேய்ங்க! பேஸ்ட் முழங்கை வரை வழியும். பிரஷ் ஈறில் குத்தும். குமட்டும். ஒரு நிமிஷத்திலேயே 'போதும்டா சாமி'ன்னு தூக்கி எறியத் தோணும்.

அப்படித் தூக்கி எறிகிற ஒரு குழந்தையைத்தான் நாம் 'அடம்' என்கிறோம்.

உடல் குறைபாடோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள குழந்தைகளுக்குப் பல் விளக்க, குளிக்க, சட்டை மாட்ட, பாத்ரூம் போக எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் இந்த வார மேட்டர். 'அது டீச்சருங்க வேலை, டாக்டருங்க வேலை. நமக்கென்ன?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கொஞ்ச நேரத்தில் உங்களிடம்தான் வரப்போகிறோம்.

பழுவூரில் ஒரு வீடு

கீழப்பழுவூர் தெரியுமில்லையா? திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற ரோடும், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோடும் சந்திக்கிற ஊர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் ஊர் என்று சொன்னால் போதும். ஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாவட்டக் கணக்கில் இந்தப் பகுதி பட்ட பாடு தனிக் கதை. 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் அரியலூர் தனி மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் மறுபடியும் அரியலூர்!

இந்த ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை பண்ணிக்குங்க. ஒன்பது வயசுத் தம்பி ஒருத்தன். டவுன் சிண்ட்ரோம். கொல்லைப்புறத்தில் ஒரு சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் வாளி, ஒரு சொம்பு, துணி துவைக்கிற கல். வாஷ்பேசின் கிடையாது. கண்ணாடி, வீட்டுக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலையில் அம்மாவுக்கு நூறு வேலை. தம்பியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, இடது கையால் தாடையைப் பிடித்து, வலது கை விரலில் பல்பொடியைத் தொட்டு நாலு இழுப்பு, சொம்புத் தண்ணீரை முகத்தில் ஓர் அடி. அரை நிமிஷத்தில் ஆச்சு.

அந்த அம்மாவைக் குறை சொல்ல நம்மில் யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் கணக்கைப் பாருங்க. வருஷத்துக்கு 365 தடவை அந்த அரை நிமிஷம். பத்து வருஷம் கழித்துத் தம்பிக்கு மீசை முளைத்திருக்கும், அம்மாவுக்கு முட்டி வலி வந்திருக்கும். அப்போதும் அதே கொல்லை, அதே தாடைப் பிடி, அதே விரல். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ராத்திரியில் தனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு: 'எனக்கப்புறம் இவனுக்கு யாரு?'

அதற்குப் பெரிய பெரிய பதில்கள் இருக்கின்றன. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உதவித்தொகை, காப்பகம் என்று. எல்லாம் வேண்டியதுதான். கூடவே ஒரு சின்ன பதிலும் உண்டு. தன் பல்லைத் தானே விளக்கி, தன் சட்டையைத் தானே மாட்டிக்கொள்கிற ஒருத்தனைக் கூட வைத்துக்கொள்ள சித்தியும் யோசிக்க மாட்டாள், அண்ணியும் யோசிக்க மாட்டாள். அவனை யார் பார்த்துக்கொள்வது என்ற சண்டை பாதியாகக் குறையும். இது கொஞ்சம் கசப்பான உண்மைதான். ஆனாலும் உண்மை.

மெட்ராஸில் போட்ட 360

'இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது' என்று சொல்வது ஈஸி. அந்த வாக்கியத்துக்கு எதிராக ஒரு பெரிய வேலையைச் செய்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்தான். மெட்ராஸில் 1970-களில் பி.ஜெயச்சந்திரன், வி.விமலா இருவரும் சேர்ந்து 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். சிறப்புக் கல்வி படிக்கிறவர்களிடம் 'எம்.டி.பி.எஸ்.' என்று சொன்னால் போதும்.

அதில் என்ன விசேஷம்? அப்போது எங்கே போனாலும் ஐ.க்யூ. டெஸ்ட்தான். டெஸ்ட் முடிந்ததும் ஒரு நம்பர் வரும். 42-ன்னு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பரை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் அம்மா என்ன பண்ணுவாள்? ஊறுகாய் போடவா? எம்.டி.பி.எஸ். நம்பரைத் தேடவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தேடியது. வாழ்க்கையை 18 பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 20 செயல்கள், மொத்தம் 360. சாப்பிடுவது, உடுத்துவது, தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, பாத்ரூம் பழக்கம் என்று நாலும் தனித்தனிப் பிரிவுகள். அதாவது 360-ல் 80, தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற திறமைகள்! படிப்பு, எழுத்து, கணக்கு, பணம் எல்லாம் அதே 18-ல் இதற்குச் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. பல் விளக்குவதும் படிப்புதான் என்று அடித்துச் சொன்ன சிலபஸ் அது.

இன்னொரு நுணுக்கம். அந்த 360-ம் 'செய்கிறான்' என்று பாஸிட்டிவாக எழுதப்பட்டவை. 'செய்யத் தெரியவில்லை', 'முடியாது' என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை. கண்ணால் பார்த்து டிக் அடிக்க முடிகிற செயலாக இருக்கவேண்டும். சுலபமானது முன்னால், கஷ்டமானது பின்னால். டிக் விழுந்த இடம் வரை பிள்ளை வந்தாச்சு, அடுத்ததைச் சொல்லிக் கொடு. அவ்வளவுதான் தத்துவம். தமிழ்நாட்டைத் தாண்டி நாடு முழுக்க சிறப்புப் பள்ளிகள் இதைக் கையில் எடுத்தன.

கடைசிப் படியில் ஆரம்பிங்க

சரி, நம்ம தம்பிக்கு வருவோம். 'பல்லு வெளக்கு' என்பது நமக்கு ஒரு வேலை. அவனுக்கு அது இருபது வேலை. நம்பிக்கை இல்லையா? பிரஷ் இருக்கிற இடத்துக்குப் போகணும். தன்னுடைய பிரஷ் எதுன்னு பார்த்து எடுக்கணும். சொம்பில் தண்ணி மொள்ளணும். பிரஷ்ஷை நனைக்கணும். பேஸ்ட் மூடியைத் திருகணும். மூடியைத் தொலைக்காமல் வைக்கணும். பிதுக்கணும், அதுவும் அளவாகப் பிதுக்கணும். வாயைத் திறக்கணும். முன் பல்லு, வலது மேல், வலது கீழ், இடது மேல், இடது கீழ், எல்லாத்துக்கும் வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லுற பக்கம். துப்பணும். கொப்பளிக்கணும். மறுபடி துப்பணும். பிரஷ்ஷைக் கழுவணும். முகத்தைத் துடைக்கணும். பிரஷ்ஷை எடுத்த இடத்தில் வைக்கணும். எண்ணிப் பாருங்க, இருபதைத் தாண்டும்.

இப்படி உடைப்பதுதான் முதல் வேலை. யாருக்காக உடைக்கிறோமோ அவன் வீட்டில், அவன் கொல்லையில் நின்று உடைக்கணும். சென்டரில் வாஷ்பேசின் முன்னால் கற்றுக்கொண்ட பிள்ளை, வீட்டுத் தொட்டிக்கு முன்னால் திருதிருவென முழிப்பான். அங்கே குழாயைத் திருகினால் தண்ணி வந்தது. இங்கே சொம்பை மொள்ளவேண்டும். நமக்கு ரெண்டும் ஒண்ணு, அவனுக்கு அது வேற பாடம். சிறப்புப் பள்ளியில் எல்லாம் செய்கிற பிள்ளை 'வீட்டுல ஒண்ணும் செய்ய மாட்டேங்குறான்' என்று அம்மாக்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்தது, எங்கே ஆரம்பிப்பது? முதல் படியில் என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம். அங்கேதான் ட்விஸ்ட். பல சமயம் கடைசிப் படியில் ஆரம்பிப்பது நல்லது! பத்தொன்பது வேலையையும் அம்மா செய்து முடித்துவிட்டு, துண்டை மட்டும் தம்பி கையில் கொடுக்கிறாள். அவன் முகத்தைத் துடைக்கிறான். 'ஆச்சு! தம்பி பல்லு வெளக்கிட்டான்!' கைத்தட்டல். முதல் நாளே வேலையை முடித்தவன் அவன்தான். அது கைக்கு வந்ததும், அதற்கு முந்தைய படி. பிறகு அதற்கும் முந்தையது. பின்னாலிருந்து பூத்தொடுப்பது மாதிரி. சிறப்புக் கல்வியில் இதற்கு 'பேக்வேர்ட் செயினிங்' என்று பெயர். முதல் படியில் ஆரம்பித்தால் பிள்ளை மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பான். முடித்த சந்தோஷம் அம்மாவுக்குத்தான் போகும்.

உதவி செய்வதிலும் ஒரு கிரேடு இருக்கிறது. முதலில் அவன் பின்னால் நின்று அவன் கைமேல் உங்கள் கை. சில நாளில் மணிக்கட்டு. அப்புறம் முழங்கை. அப்புறம் தொடாமல் விரலால் காட்டுவது. அப்புறம் வார்த்தை மட்டும். கடைசியில் வாயை மூடிக்கொண்டு நிற்பது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம், பெரியவர்களுக்கு! 'எடுடா, பிடிடா, இப்படி இல்லடா, மேல தேய்டா, ஐயோ சட்டையில ஊத்திட்டியே' என்று ரன்னிங் கமென்டரி ஓடினால் பிள்ளை எதைக் கேட்பான்? ஒரு படிக்கு ஒரு வார்த்தை. 'துப்பு.' அவ்வளவுதான்.

துப்புவது என்றதும் சிரிக்காதீங்க. இந்த இருபதில் மகா கஷ்டமான ஐட்டம் அதுதான். கன்னத்தில் தண்ணியை அடக்கணும், விழுங்கக் கூடாது, உதட்டைக் குவிக்கணும், காத்தோடு தள்ளணும். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே இதை விளையாட்டாக ஆரம்பித்துவிடலாம். மெழுகுவத்தி ஊதுறது, விசில் ஊதுறது, தரையில் கிடக்கிற பேப்பர் துண்டை ஊதி நகர்த்துறது. உதடு பழகிவிடும். அதுவரை பேஸ்ட் அரிசி அளவுக்கு மேல் வேண்டாம். துப்பத் தெரிந்த பிறகு பட்டாணி அளவு. டி.வி. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி வளைத்து வைக்கிறார்களே, அது பேஸ்ட் சீக்கிரம் தீருவதற்கான டெக்னிக்!

ஒண்ணு மறக்கக் கூடாது. தம்பி கற்றுக்கொள்கிற ஆறு மாசமும் அவன் பல் அழுக்காகவே இருக்க முடியாது. அதனால் 'உன் முறை, என் முறை'. முதலில் அவன். அப்புறம் ஒரு நிமிஷம் அம்மாவோ அக்காவோ விட்ட இடத்தைத் தேய்த்து முடிக்கணும். ராத்திரி படுக்கும் முன்னால் ஒரு தடவை கட்டாயம்.

அடமும் இல்லை, திமிரும் இல்லை

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஃபார்முலா செல்லாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குப் பல் முளைப்பதே லேட்டாகும். ஈறு நோய் சின்ன வயசிலேயே, வேகமாக வரும். பல் சொத்தையே இல்லாமல் பல் ஆடி விழுந்துவிடுகிற கொடுமை அவர்களுக்கு உண்டு. அதனால் அங்கே பல்லைவிட ஈறு ஓரம் முக்கியம்.

செரிப்ரல் பால்சி இருக்கிற பிள்ளையின் வாய்க்குள் எதையாவது வைத்தால் 'லபக்'கென்று கடித்துக்கொள்ளும். 'பாரு, விரலைக் கடிக்குது' என்று அடி விழும். பாவம், அது அவர்கள் கன்ட்ரோலில் இல்லாத அனிச்சைச் செயல். உங்களுக்கு முழங்காலில் டாக்டர் சுத்தியலால் தட்டினால் கால் எகிறுமே, அந்த மாதிரி. கடித்துவிட்டால் இழுக்காமல் பொறுமையாக இருந்தால் தாடை தளரும். அவர்களைப் படுக்க வைத்தோ தலையை அண்ணாந்து பிடித்தோ பல் விளக்கக் கூடாது. தண்ணியும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உட்கார வைத்து, பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்து, தாடை லேசாகக் கீழே பார்த்தபடி. இந்தப் பிள்ளைகளுக்குப் பல்பொடியும் வேண்டாம், பொடி புரை ஏறும்.

ஆட்டிசம் இன்னொரு உலகம். உங்களுக்கு ஜில்லென்று இருக்கிற புதினா பேஸ்ட், அந்தப் பிள்ளைக்கு மிளகாய்ப் பொடி மாதிரி எரியலாம். நுரை பயமாக இருக்கலாம். பிரஷ் முடி ஒவ்வொன்றும் ஊசியாகத் தெரியலாம். அங்கே நேராக வாய்க்குப் போனால் அன்றைக்கே கதை முடிந்தது. முதல் வாரம் பிரஷ் உள்ளங்கையில். அப்புறம் கன்னத்தில். அப்புறம் உதட்டில். முன்பல்லைத் தொட்டு 'ஒண்ணு, ரெண்டு, மூணு' எண்ணி உடனே எடுத்துவிடணும். மூணு என்றால் முடியும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பிறகு மூணைப் பத்தாக்கலாம். பேஸ்ட்டே இல்லாமல் வெறும் தண்ணியில் ஆரம்பித்தாலும் தப்பில்லை. வார்த்தையைவிடப் படம் நன்றாக வேலை செய்கிற பிள்ளைகள் நிறைய. போனில் அந்தப் பிள்ளையையே ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, தொட்டிக்கு மேலே வரிசையாக ஒட்டிவிடுங்க. ஒரு படி முடிந்தால் ஒரு படம் கீழே.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகள் உண்டு. அதில் ஃபெனிடாய்ன் என்ற மருந்து சிலருக்கு ஈறை வீங்கி வளரவைத்துப் பல்லையே மூடிவிடும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்லணும். இனிப்பு சிரப் குடித்துவிட்டு அப்படியே தூங்குகிற பிள்ளைக்குச் சொத்தை வராமல் என்ன செய்யும்? டீயில் நனைத்த ரஸ்க்கைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்தே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதில் காமெடி, 'சமத்தாப் பல்லு வெளக்குனா சாக்லேட்' என்று பரிசு கொடுப்பது!

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம்? பல் வலி வந்தால் நீங்கள் ஹாஸ்டலையே ரெண்டு பண்ணிவிடுவீர்கள். பேச்சு வராத பிள்ளைக்குப் பல் வலி வந்தால்? சாப்பிட மாட்டான். கையால் தாடையில் அடித்துக்கொள்வான். தலையைச் சுவரில் முட்டுவான். 'வியாதி முத்திடுச்சு', 'காத்துக் கருப்பு' என்று தாயத்துக் கட்டப் போய்விடுவார்கள். உள்ளே ஒரு கடைவாய்ப் பல் சீழ் பிடித்து விண்விண்னென்று தெறித்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனால், வாயைத் திறக்கவே விடாத பிள்ளைக்கு முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கும். அதற்கு எத்தனை நாள் அலைச்சல், எத்தனை செலவு என்று கணக்குப் போட்டால், சொம்பும் பிரஷ்ஷும் எவ்வளவு மலிவு என்பது புரியும்.

சைக்கிள் கடையில் ஒரு கருவி

மெல்லிய பிரஷ் பிடியை இறுக்கிப் பிடிக்க முடியாத கைகளுக்குத் தனிக் கருவி வேணும்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பர் பிடி ஒன்றை வாங்கி, பிரஷ்ஷை உள்ளே சொருகி, ஆடாமல் துணியை அடைத்துவிட்டால் தடிமனான பிடி ரெடி. ரப்பர் பந்தில் ஓட்டை போட்டும் சொருகலாம். பழைய துண்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் போதும். விரல் மூடவே மூடாது என்றால், செருப்பில் வருகிற ஒட்டுப் பட்டையை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிடலாம். மெக்சிகோவின் மலை கிராமங்களில் வேலை பார்த்த டேவிட் வெர்னர் 1987-ல் 'டிஸேபிள்டு வில்லேஜ் சில்ட்ரன்' என்ற தடியான புத்தகத்தை வெளியிட்டார். மூங்கில், கயிறு, பழைய டயரை வைத்துக்கொண்டு கிராமத்திலேயே என்னென்ன செய்யலாம் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருப்பார். மெக்கானிக்கல் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடி அலையும்போது அதை ஒரு தடவை புரட்டலாம். ரோபோவே செய்யணும்னு சட்டமா இருக்கு?

பாசத்தைக் கொஞ்சம் குறைங்க

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆகணும். இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளாமல் போவதற்குக் குறைபாடு ஒரு காரணம் என்றால், நம் பாசம் இன்னொரு காரணம். 'பாவம், குழந்தைக்கு என்ன தெரியும்? நானே செஞ்சுடறேன்.' ஆச்சி ஊட்டிவிடுவாள், அத்தை குளிப்பாட்டிவிடுவாள், மாமா சட்டை போட்டுவிடுவார். பதினாறு வயசிலும் அவன் 'குழந்தை'தான். சட்டை பட்டனை அவனே போட ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் உண்மையிலேயே பாசம் வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் சீரியஸ். பிறந்ததிலிருந்து யார் யாரோ தொட்டு, கழுவி, துணி மாற்றிவிடுகிற பிள்ளைக்கு, எந்தத் தொடுதல் சரி, எது தப்பு என்று எப்படித் தெரியும்? தன் உடம்பைத் தானே கழுவத் தெரிந்த பிள்ளைதான் 'நீ தொடாதே' என்று இன்னொருத்தரிடம் சொல்ல முடியும். கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பது, மறைவில் துணி மாற்றுவது எல்லாம் பாடம்தான். மாதவிடாயும் அப்படியே. பூப்படைந்த பிறகு பதறாமல், அதற்கு முன்பே வெறும் நாப்கினை வைத்து, மாற்றுவது, மடிப்பது, போடுவது, கை கழுவுவது என்று படிப்படியாகப் பழக்கலாம். பல் விளக்கிய அதே முறைதான்: உடை, பின்னாலிருந்து தொடு, கையை எடு.

பிரஷ் கொடுக்கிற கேம்ப் வேண்டாம்

இப்போ உங்க டர்ன். என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்க. வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்யணும், இல்லையா? அதில் எத்தனை மணி நேரம் கல்லூரி கிரவுண்டில் புல் பிடுங்குவதில் போகிறது? கோபம் வேண்டாம், எல்லாக் காலேஜிலும் இதே கதைதான். சிறப்புப் பள்ளிக்கு ஒரு நாள் போய், ஆளுக்கொரு பிரஷ், பேஸ்ட், பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, பேனரோடு போட்டோ எடுத்துக்கொண்டு வருவதும் நடக்கிறது. அந்த பிரஷ் அடுத்த வாரம் எங்கே இருக்கும் தெரியுமா? சிமென்ட் தொட்டியைத் தேய்க்கிற இடத்தில்!

பதிலாக, ரெண்டு பேருக்கு ஒரு பிள்ளை. வாரம் ரெண்டு தடவை, அரை மணி நேரம். முப்பது வாரத்துக்கு முப்பதே மணி நேரம். ஒரு நோட்டில் அந்த இருபது படியை எழுதி, நாள் போட்டு டிக் அடித்து வாருங்கள். தொடர்ந்து மூணு தடவை உதவியில்லாமல் ஒரு படி முடிந்தால் அடுத்த படி. நடுவில் காய்ச்சல் வந்தால், திருவிழா வந்தால் கொஞ்சம் பின்னால் போகும். நோட்டைப் பார்த்து விட்ட இடத்தில் ஆரம்பிக்கணும். வாரத்தின் மற்ற நாளெல்லாம் செய்யப்போவது அம்மாதான். அதனால் உங்கள் ஸ்டூடன்ட் பாதி அந்தப் பிள்ளை, பாதி அந்த அம்மா.

நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீங்க. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் உண்டு. கீழப்பழுவூர் பக்கம் என்றால் திருமானூர் ஒன்றியம். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போகிற சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கே இருக்கிறார்கள். தீவிரக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி என்பது 2012 திருத்தத்துக்குப் பிறகு கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிற விஷயம். அவர்களிடம் போய், 'உங்களுக்குக் கீழே வேலை பார்க்க வந்திருக்கோம்'னு சொல்லுங்க. ஒரு ஆளுக்கு எத்தனை வீடு, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் உங்கள் தேவை உங்களுக்கே புரியும். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்புகிற இந்த வேலையைத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் பெரிய அளவில் செய்துகாட்டி வருகிறது. 1981-ல் அதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், காலேஜ் படிக்கும்போது கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உங்க வயசுதான் அப்போ.

பல் டாக்டரிடம் கூட்டிப்போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் அடல்ஸ்டன் என்ற பல் டாக்டர் 1959-ல் எழுதிய மூணே வார்த்தை: 'சொல், காட்டு, செய்.' இன்றைக்கும் குழந்தைகள் பல் மருத்துவத்தில் அதுதான் பாலபாடம். முதல் விசிட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்தால் போதும். ரெண்டாவதில் கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கவிடணும். மூணாவதில்தான் வாய். கீழப்பழுவூரில் பஸ் ஏறினால் அதே ரோட்டின் கடைசியில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பி.டி.எஸ். மாணவர்கள் இதைப் படித்தால், அழுகிற பிள்ளையைப் பார்த்து அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

பயிற்றுநரோடு முதல் நாள் அந்த வீட்டுக்குப் போகும்போது பிரஷ் வாங்கிக்கொண்டு போகாதீங்க. வெறுங்கையோடு போங்க. 'அக்கா, தம்பி தினம் எங்க நின்னு பல்லு வெளக்குவான்? அந்த இடத்தைக் கொஞ்சம் காட்டுங்க'ன்னு கேளுங்க. தொட்டி எந்த உயரம், சொம்பு எந்தக் கைப்பக்கம், வெயில் கண்ணில் அடிக்கிறதா, வழுக்குதா, துண்டு எங்கே தொங்குகிறது என்று பாருங்க. முடிந்தால் நீங்களே அங்கே நின்று ஒரு தடவை பல் விளக்கிப் பாருங்க. நோட்டில் முதல் படியை அப்புறம் எழுதலாம்.